கணினிக்குக் காய்ச்சல்

காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியிலே கை வைத்துப் பாராத தாய் இல்லை. நெற்றி சுடுகின்றது என்பதைக் கை சொல்லிவிடும். ஆனால், அது டெங்குக் காய்ச்சலா, நெருப்புக் காய்ச்சலா, அன்றி வெறுந் தடிமனா என்பதைக் கை சொல்லாது. சூடு நோயன்று, நோயின் குறி. இதனை நன்கறிந்த நாம், வீட்டிலுள்ள கணினி சுடுகின்றது என்று கண்டவுடன் மட்டும் அந்த அறிவையெல்லாம் மறந்து, எதை மாற்றலாம், எதை வாங்கலாம் என்று ஓடத் தொடங்கிவிடுகின்றோம். அவ்வாறு ஓடப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையையும், அந்த ஓட்டத்தில் ஓரளவு நாமும் பங்குபற்றிய கதையையும் இங்கே கூற விழைகின்றோம்.

2025 ஆம் ஆண்டு வைகாசி மாதம். நம்மிடம் முன்னர் பௌதிகவியல் பயின்ற இளைஞர் ஒருவர் ஒருநாட் காலை வீட்டுக்கு வந்தார். கலியாண வீடுகளிலே வீடியோப் படம் பிடித்து, அதனைக் கணினியில் வெட்டித் தொகுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். தம் உழைப்பிற் சேர்த்ததும், கனடாவிலிருக்கும் தாய்மாமனார் அனுப்பியதுமான பணத்தைக் கொண்டு மூன்றாண்டுகளுக்கு முன் நல்லதொரு மேசைக்கணினியை வாங்கியிருந்தார். தண்ணீரினாற் குளிர்விக்கப்படும் கணினி அது. அக்கணினி இப்போது, படந் தொகுக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலே பேரிரைச்சல் இடுகின்றது, பின்னர் மந்தமாகின்றது, சிலவேளை சொல்லாமற் கொள்ளாமல் அணைந்தும் போகின்றது. கடையிலே காட்டினாராம்.

"புறொசெசர் பழுதாப் போச்சு எண்டினம், சேர். அதோடை கூலரும் மாத்த வேணுமாம். எல்லாமா ஒண்டே முக்கால் லட்சம் வருமெண்டு கணக்குத் தந்திருக்கினம்."

இரண்டு கலியாணப் படங்கள் முடியாமற் கிடந்தன. அவற்றுள் ஒரு தம்பதியர் அடுத்த வாரமே வெளிநாடு செல்ல இருந்தனர். தாயாரின் சங்கிலியை அடகு வைப்பதற்காகக் கடதாசியிற் சுற்றிச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டே அவர் வந்திருந்தார். நம்மிடம் வந்தது ஆலோசனை கேட்பதற்கன்று. அடகுக் கடைக்குச் செல்லும் வழியில் நம் வீடு இருந்தது, அவ்வளவுதான்.

"ஒரு நாள் பொறும், தம்பி. முதலிலை பாப்பம்" என்றோம்.

அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. பாடநூல்கள் முறைவழியாக்கி என்று கூறும் அந்தப் புறொசெசர், உண்மையிலே பழுதானால் பெரும்பாலும் கணினியை எழும்பவே விடாது. இக்கணினியோ எழும்புகின்றது, கடிதம் எழுதுகின்றது, கணக்குப் பார்க்கின்றது. பாரமான வேலையிலேதான் துவள்கின்றது. அந்தத் துவளல் பழுதின் அடையாளமன்று, தற்காப்பின் அடையாளம். இக்காலப் புறொசெசர்களுக்குள்ளே வெப்பமானிகள் அமைந்துள்ளன. குறித்த எல்லையை வெப்பநிலை எட்டியதும், புறொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்ரெல் நிறுவனத்தாரின் பல புறொசெசர்களுக்கு அந்த எல்லை 100 பாகை செல்சியசு. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காது மேலும் ஏறுமாயின், கணினியையே நிறுத்திவிடும். வெயில் ஏறினால் தோட்டவேலையை மெதுவாக்கி, தலை சுற்றினால் மரநிழலிலே படுத்துவிடும் மனிதன் நோயாளியல்லன் அல்லவா?

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, 'புறொசெசர் ஏன் பழுதானது?' என்பதன்று. 'அதிலே பிறக்கும் வெப்பம் வெளியே போகும் வழியில் எந்த இடத்திலே தடைப்பட்டது?' என்பதே.

அந்த வழியைச் சற்று நடந்து பார்ப்போம். அந்த இளைஞரின் புறொசெசர் முழுச் சுமையில் ஏறத்தாழ 200 உவாற்று வெப்பத்தை வெளிவிடுவது. நம் வீடுகளிலுள்ள இஸ்திரிப் பெட்டி 1000 உவாற்று என்றால், 200 உவாற்று பெரிதா என்று தோன்றலாம். ஆனால், இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் உள்ளங்கையிலும் அகன்ற ஒரு தகட்டிலே பரவியுள்ளது. புறொசெசரின் வெப்பமோ ஒரு தபால்தலையிலும் சிறிய சிலிக்கன் துண்டிலே பிறக்கின்றது. சதுர சென்ரிமீற்றர் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று கணக்கிட்டால், அச்சிறு துண்டு இஸ்திரிப் பெட்டியைப் பத்து மடங்குக்கு மேலாக விஞ்சும். இவ்வெப்பம் முதலில் சிலிக்கனிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடிக்குச் செல்லும். மூடியிலிருந்து மெல்லிய பசைப் படலத்தினூடாகச் செப்புத் தகட்டுக்குச் செல்லும். தகட்டின் மறுபுறத்திலுள்ள மயிரிழை போன்ற கால்வாய்களில் ஓடுந் தண்ணீருக்குச் செல்லும். தண்ணீரைப் பம்பி தள்ள, அது இறப்பர்க் குழாய் வழியாக றேடியேற்றருக்குச் சென்று, அங்கே விசிறிகள் ஊதும் காற்றிலே சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும். அக்காற்று அறைக்குள்ளே கலக்கும்.

இங்கே மாணவர்கள் ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். தண்ணீர் கணினியைக் குளிர்விப்பதில்லை, சுமக்கின்றது. குளிர்விப்பது இறுதியில் அறைக் காற்றேயாம். தண்ணீரைச் சுமைகூலியாகத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் அதன் பெரிய தன்வெப்பக் கொள்ளளவு. ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வேண்டும். கனவளவுக்குக் கனவளவு ஒப்பிட்டால், காற்றிலும் மூவாயிரம் மடங்குக்கு மேலான வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கவல்லது. இது புதிய கண்டுபிடிப்புமன்று. 1980 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அறிவித்த 3081 என்னும் பெருங்கணினி தண்ணீராற் குளிர்விக்கப்பட்டது. 1985 இல் வந்த கிறே-2 என்னும் அதிவேகக் கணினியிலோ, மின்சுற்றுப் பலகைகளையே மின் கடத்தாத ஒரு திரவத்துள் அமிழ்த்தி வைத்தார்கள். அன்று பெரிய ஆய்வுகூடங்களில் இருந்த வித்தை இன்று கலியாணப் படம் வெட்டும் மேசைக்கு வந்துவிட்டது.

நிற்க. அன்று பிற்பகலே அவ்விளைஞரின் வீட்டுக்குச் சென்றோம். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள, எச்.டபிள்யூ.இன்போ என்பதை இறக்கிக்கொண்டோம். வேலையற்றிருக்கும்போதே 58 பாகை. படத் தொகுப்பைத் தொடங்கியதும் எண்கள் மளமளவென ஏறி, ஏறத்தாழ நாற்பது விநாடிகளில் 100 ஐத் தொட்டு அங்கேயே நின்றன. நாம் தலையை ஆட்டினோம். "பசை காஞ்சு போயிருக்கும்" என்றோம். ஆசிரியர் ஒருவர் உறுதியோடு சொன்னால் மறுத்துப் பேசுவார் யார்?

பசையின் பெருமை நாம் வகுப்பிலே விரித்துரைக்கும் பொருள்களுள் ஒன்று. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அவை உண்மையிற் சில புள்ளிகளிலேதான் தொடும். எஞ்சிய இடமெல்லாம் காற்று. செம்பின் வெப்பங் கடத்துதிறன் காற்றினதைப் போல ஏறத்தாழப் பதினையாயிரம் மடங்கு. ஆகவே அந்தக் காற்றிடைவெளிகளை நிரப்பப் பசை இடுகின்றோம். பசை செம்பினுஞ் சிறந்த கடத்தியன்று. காற்றினுஞ் சிறந்தது, அவ்வளவே. அதனால் அதனைப் பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல் அப்புதல் தவறு. நடுவிலே ஒரு கடலைப் பருப்பளவு வைத்துத் தகட்டைச் சமமாக அழுத்தித் திருகினாற் போதும். இவ்வளவையும் அவ்விளைஞருக்கு மீண்டும் ஒருமுறை பாடமாகச் சொல்லி, மின்னைத் துண்டித்து, பம்பித் தலையைக் கழற்றி, பழைய பசையை ஐசோப்புரொப்பைல் அற்ககோலாற் துடைத்து, புதியதை இட்டுப் பூட்டினோம். புதிதாகப் பூட்டும் வேளையில் தகட்டின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறந்து பூட்டிவிடுவாரும் உளர். இங்கே அந்தப் பிழை இருக்கவில்லை. பழைய பசையும் உண்மையிற் காய்ந்திருக்கவில்லை. அப்போதே நாம் உணர்ந்திருக்கவேண்டும்.

கணினியை இயக்கினோம். நாற்பது விநாடி; 100 பாகை. பொழுது சாய்ந்துவிட்டது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கை ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

அந்நேரத்திலேதான் அவருடைய தந்தையார் வீட்டுக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் லொறி ஓட்டியவர். கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தாமே சொல்லிக்கொள்பவர். பெட்டியின் பக்கமூடி திறந்து கிடப்பதையும், உள்ளே இரண்டு கறுப்புக் குழாய்கள் வளைந்து செல்வதையும் கண்டு குனிந்தார்.

"இதென்ன மாஸ்ரர், றேடியேற்றரே?"

"ஓம் அண்ணை. தண்ணி ஓடிச் சூட்டைக் கொண்டு போறது."

கணினி ஓடிக்கொண்டிருக்கையிலேயே, விசிறியிற் படாமற் கையை நீட்டி, ஒரு குழாயைப் பிடித்தார். பின்னர் மற்றதைப் பிடித்தார். திரும்பவும் முதலாவதைப் பிடித்தார்.

"ஒண்டு கொதிக்குது. மற்றது பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. இதுக்குள்ளை தண்ணி ஓடேல்லை, மாஸ்ரர். ஓடினாலும் ஊருது. லொறியிலை மேல் ஓஸ் சுட்டுக் கீழ் ஓஸ் குளிர்ந்தா முதலிலை பாக்கிறது அதைத்தான்."

நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்: அதுவரை நாமும், சூடான தண்ணீர் ஒரு குழாயாற் போய்க் குளிர்ந்த தண்ணீர் மறு குழாயால் வருவதுதானே முறை, ஆகவே இரண்டுக்கும் நல்ல வேறுபாடு இருப்பதே ஆரோக்கியம் என்று எண்ணியிருந்தோம். பலரும் அவ்வாறே எண்ணுவர். கடதாசியை எடுத்துக் கணக்கிட்டபோதுதான் உண்மை வெளித்தது.

உயர்தர மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம். 200 உவாற்று என்றால் ஒரு நிமிடத்தில் 12,000 யூல். அதனை 4200 ஆற் பிரித்தால் கிடைப்பது மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவு. அதாவது, ஓட்டம் நன்றாக இருந்தால், போகுந் தண்ணீருக்கும் வருந் தண்ணீருக்கும் வேறுபாடு மூன்று பாகையே. கையாற் தொட்டால் இரண்டு குழாயும் ஒன்றுபோலவே இருக்கும். இனி, ஓட்டம் நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றராகக் குறைந்துவிட்டதெனின், அதே வெப்பத்தை அச்சிறிதளவு தண்ணீரே சுமக்கவேண்டும்; வேறுபாடு 19 பாகையாகிவிடும். ஒன்று கொதிக்கும், மற்றது குளிரும். தந்தையாரின் கை இக்கணக்கை இரண்டு விநாடியிற் செய்து முடித்துவிட்டது. பாரமான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கவேண்டும் என்பதை மட்டும் வாசகர்கள் மறத்தலாகாது. வேலையற்ற கணினியில் இரண்டு குழாயும் எந்நிலையிலும் ஒரேயளவாகத் தோன்றக்கூடும்.

ஓட்டம் குறைந்தது ஏன்? பம்பி முற்றாக நின்றிருக்கவில்லை. தலையிலே விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு இருந்தது. மென்பொருளின் பட்டியலை மீண்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தோம். 'பெட்டி விசிறி 2' என்ற வரியிலே நிமிடத்துக்கு 800 சுற்று என்று எழுதியிருந்தது. பகல் முழுவதும் நம் கண்முன்னே இருந்த வரி அது. விசிறிக்கு 800 சுற்று முறையானதே என்று கடந்து போயிருந்தோம். பெட்டியில் உள்ள விசிறிகளை எண்ணினோம். அந்த இடத்திலே விசிறியே இல்லை. பம்பியின் கம்பிதான் அங்கே செருகப்பட்டிருந்தது.

தாய்ப்பலகையிலே விசிறிகளுக்கெனச் சிறு முளைகள் பல உள. அவற்றுட் சில, பெட்டியின் சூட்டைப் பார்த்து, சத்தம் குறையட்டும் என்று மின்னைக் குறைத்துக் கொடுப்பவை. புறொசெசர் கொதித்தாலும் பெட்டியின் சூடு அவ்வளவு ஏறாதாகையால், அங்கே செருகிய பம்பி அரைத் தூக்கத்திலேயே இருக்கும். பம்பிக்கென்று தனி முளை உண்டு. அல்லது முழு வேகம் என்று அமைப்பிலே குறித்துவிடலாம். விசாரித்தபோது, பங்குனி மாதத்திலே தூசி தட்டுவதற்காகக் கணினியைக் கடைக்குக் கொடுத்ததாக இளைஞர் நினைவுகூர்ந்தார். தூசி தட்டியவர் கம்பியைக் கழற்றி, திரும்பச் செருகும்போது இடம் மாறியிருக்கின்றது. கைப்பிசகு, யாருக்கும் நேரக்கூடியது. அதனைத் தேடாமலே ஒன்றே முக்கால் இலட்சம் என்று எழுதியதைத்தான் நம்மால் அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியவில்லை. ஆனால் நாமும் தேடாமலே பசையைக் கழற்றியவர்கள். ஆதலால் அதிகம் பேசும் உரிமை நமக்கில்லை.

கம்பியை உரிய முளையிற் செருகியதும் பம்பி 2800 சுற்றுக்கு எழுந்தது. தந்தையார் மீண்டும் இரு குழாய்களையும் பிடித்துப் பார்த்து, "இப்ப சரி" என்றார். படத் தொகுப்பைத் தொடங்கினோம். 75 பாகை, 80 பாகை. எல்லோர் முகமும் மலர்ந்தது. தேநீர் வந்தது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் 85. இருபது நிமிடம் சென்றபோது 93.

இம்முறை நாம் எதனையும் கழற்றவில்லை. வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட, எப்படி ஏறியது என்பதே அதிகம் பேசும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தோம். பசையிலோ தகட்டின் அழுத்தத்திலோ குறை இருந்தால், சுமை ஏற்றிய கணத்திலேயே எண் ஒரே தாவலில் உச்சிக்குப் போகும். சுமையை நிறுத்தியதும் அதே வேகத்தில் விழும். தண்ணீரோ குளிர்ந்தே இருக்கும், ஏனெனில் வெப்பம் தண்ணீரைச் சென்றடையவே இல்லை. பம்பியிற் குறை இருந்தால், பம்பித் தலையிலுள்ள சிறிதளவு தண்ணீர் மட்டும் சூடாகும் வரை சற்றுப் பொறுத்து, அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ உச்சியை எட்டும். நிறுத்திய பின்பும் சூடு இறங்க மனமின்றி நிற்கும். நாம் முதலிற் கண்ட நாற்பது விநாடி இதுவே. றேடியேற்றரிலோ காற்றிலோ குறை இருந்தால், தண்ணீர் முழுவதும் சூடேறவேண்டுமாகையால் பத்து, இருபது நிமிடம் மெல்ல மெல்ல ஏறும். இறங்குவதும் அவ்வாறே மெல்ல. அடுப்பில் வைத்த சிறு பாத்திரத்துக்கும் பெரிய அண்டாவுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. தாவியதா, ஓடியதா, ஊர்ந்ததா என்று பார்த்தால் குற்றவாளி யாரென்பது பாதி தெரிந்துவிடும்.

இப்போது எண் ஊர்ந்தது. ஆகவே காற்றைத் தேடினோம். றேடியேற்றரின் செதில்களிலே தூசி இல்லை. விசிறிகள் சுழன்றன, சரியான பக்கத்துக்கே ஊதின. ஆனால் பெட்டி இருந்த இடம் மேசையின் கீழே, மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை. செம்மண் தூசி படக்கூடாது என்று தாயார் முன்பக்கத்துக்கும் ஒரு சீலை தொங்கவிட்டிருந்தார். வெளியே ஊதிய வெங்காற்றையே கணினி திரும்பத் திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு தட்டின்மேல் வைத்தோம். மறுமுறை இருபது நிமிடத்தின் பின் 86 பாகை. அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு சதமும் செலவில்லாது ஏழு பாகை இறங்கிற்று.

இளைஞருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இதே புறொசெசருக்கு இதே கூலரைப் பூட்டி வெளிநாட்டார் ஒருவர் யூரியூப்பிலே 72 பாகை காட்டுகின்றாராம். அவருடைய அறை என்ன வெப்பநிலையில் இருந்தது என்று கேட்டோம். அதே படத்திலே சொல்லியிருக்கின்றார்: 20 பாகை. சுவரிலே தொங்கிய நம் வெப்பமானியோ அன்று 33 காட்டியது. முன் சொன்னபடி குளிர்விப்பது அறைக் காற்றே. எந்தத் தண்ணீர்க் கூலரும் தான் மூச்சிழுக்கும் காற்றிலும் குளிர்ந்து போக இயலாது. 86 இலிருந்து 33 ஐக் கழித்தால் 53. 72 இலிருந்து 20 ஐக் கழித்தால் 52. இரண்டு கணினியும் ஒன்றையொன்று ஒத்தவையே. இரண்டு நாடுகள்தாம் வேறு. யாழ்ப்பாணத்துச் சித்திரை வைகாசியிலே வாழ்வோர் பிறதேசத்து எண்களைப் பார்த்து ஏங்குதல் வீண். எண்ணுக்கும் கணினிக்குக் கணினி பொருள் வேறு. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022 இல் வெளியிட்ட றைசன் 7000 வரிசைப் புறொசெசர்கள், பாரமான வேலையின்போது 95 பாகையிலே நிலைத்து ஓடும்படியே அமைக்கப்பட்டவை. அவற்றில் 95 ஐக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வேலையற்றிருக்கும் கணினி 60, 70 பாகை காட்டினால், அது எந்த நிறுவனத்ததாயினும் விசாரிக்கத்தக்கது.

நம் கதையில் வராத காரணங்கள் சிலவும் உள. ஒருமுறை மூடி முத்திரையிட்ட கூலர்களிலும், ஆண்டுகள் செல்லச் செல்ல இறப்பர்க் குழாயினூடாகச் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். இழந்த இடத்திலே காற்று சேரும். காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடும். ஆதலால் பம்பித் தலை முழுச் சுற்றிலும் மிக உயர்ந்த இடமாக அமையலாகாது. றேடியேற்றரின் மேல்முனை அதனிலும் உயர்ந்திருக்கவேண்டும். இல்லையேல் காற்று பம்பிக்குள்ளே குந்தியிருக்கும். கொறகொறவென்ற சத்தம் கேட்கும். செப்புத் தகட்டையும் அலுமினிய றேடியேற்றரையும் ஒரே தண்ணீரிலே வைப்பதால் வரும் அரிப்பு இன்னொன்று. உற்பத்தியாளர் அதைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரிற் கலந்தே விடுவர். ஆயினும் பல ஆண்டு சென்ற கூலர்களில் மயிரிழைக் கால்வாய்களிலே கசடு படிவதுண்டு. அந்நிலையில், பம்பி நன்றாகச் சுற்றியும் ஓட்டம் இராது. அப்போது கூலரை மாற்றுவதே வழி.

தாமே குழாய் பொருத்தித் தண்ணீர் நிரப்பும் வகைக் கூலர்களும் உண்டு. அவற்றிலே கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் துணிச்சலை யாரும் மேற்கொள்ளவேண்டா. சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறிவரும் நம் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கின்றது என்பதை எல்லா வீட்டாரும் அறிவர். கேத்தலையாவது தேய்க்கலாம். பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் அதனினும் மேலானது. எனினும் அதுவும் தனியே விட்டால் அரிப்பையும் பாசியையும் தடுக்காது. அதற்கென விற்கும் திரவத்தை வாங்குவதே நன்று.

வெப்பம் வெளியேறும் வழி முழுவதும் செவ்வையாக இருந்தும் சூடு அடங்காவிடின், வெப்பம் பிறக்கும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். சில தாய்ப்பலகைகள், வேகம் கூடட்டும் என்று, புறொசெசர் உற்பத்தியாளர் விதித்த மின்வலு எல்லையைத் தாமாகவே தளர்த்திவிடுகின்றன. அதனைப் பழைய எல்லைக்குத் திருப்பினாலே பல பாகைகள் இறங்கும். வேகத்தில் இழப்பு சிறிதே. 2024 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்தார், தம் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புறொசெசர்களிலே, நுண்கட்டளைக் குறைபாட்டினால் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கோரப்படுவதாக ஒப்புக்கொண்டு, ஓகஸ்ட் மாதத்திலே திருத்தம் வெளியிட்டனர். அத்திருத்தம் தாய்ப்பலகையின் பயோசைப் புதுப்பிப்பதன் மூலமே கணினிக்கு வந்து சேரும். அவ்வகைக் கணினி வைத்திருப்போர், புதுப்பித்தாயிற்றா என்று பார்த்துக்கொள்வது கடமை. இது காய்ச்சலோடு மட்டும் நின்றுவிடும் குறைபாடன்று; புறொசெசரையே காலப்போக்கிற் கெடுக்க வல்லது.

இவற்றைச் செய்யப் புகும் மாணவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. கழற்றும் வேலை எதுவாயினும் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னரே செய்க. முத்திரையிட்ட கூலரைத் திறந்து தண்ணீர் விட முயலற்க. பெட்டிக்குள்ளே ஈரம் கண்டால், காரணம் ஆராய்வதற்கென மீண்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்குக.

கலியாணப் படங்கள் இரண்டும் அவ்வாரமே முடிந்தன. முன்னர் இரண்டரை மணித்தியாலம் இழுபட்ட தொகுப்பு இப்போது ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிவதாக இளைஞர் கூறினார். சங்கிலி தாயாரிடமே திரும்பிச் சென்றது. அது போகவிருந்த செய்தி அவருக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா என்று நாம் விசாரிக்கவில்லை. முன்பக்கச் சீலையைக் கழற்றியதில் மட்டும் அவருக்குச் சிறு வருத்தம். தூசிக்கு என்ன செய்வது என்று கேட்டார். மாதம் ஒருமுறை, கணினியை நிறுத்திவிட்டு, மென்மையான தூரிகையாற் காற்றுப் புகும் வலையைத் தட்டினாற் போதும் என்றோம்.

அடுத்த முறை சென்றபோது கணினிப் பெட்டியின் பக்கத்திலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. லொறிக்கு எண்ணெய் மாற்றினால் எழுதி வைப்பது போலத் தந்தையாரே கோடிட்டுக் கொடுத்தாராம். திகதி, அறைச் சூடு, வேலையற்றபோது, இருபது நிமிட வேலையின் பின், பம்பிச் சுற்று என ஐந்து நிரல்கள். முதல் வரியில் 33, 44, 86, 2800 என்று எழுதியிருந்தது. இரண்டாம் வரியில் ஆடி மாதத்துத் திகதி மட்டும் முன்கூட்டியே குறிக்கப்பட்டு, மற்ற நான்கு கட்டங்களும் வெறுமையாக இருந்தன.